கலாவின் பின் வந்த மாயா

கம்பன் பாடிய ஆறு காண்டங்களோடு நில்லாது, ஏழாவதாக ஓர் உத்தரகாண்டமும் தமிழில் வழங்கி வருகின்றது. அதனை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. அந்நூலை இன்று விரும்பி எடுத்து ஓதுவார் எத்தனை பேர்? யாப்பில் அது குறைபட்டதென்று யாரும் சொல்லார். கதையும் இடையறாது செல்கின்றது. தனித்து நின்றிருப்பின் நல்லதொரு காவியம் என்ற பெயரை அது பெற்றிருத்தல் கூடும். கம்பனுக்குப் பின்னே வந்து நின்றமையே அதற்கு நேர்ந்த இடர். முன்னது நெஞ்சை நிறைத்துவிட்டால், பின்னது தன்னிடத்துள்ள குறைகளுக்காக மட்டுமன்றி, முன்னது போல் இல்லாமைக்காகவும் பழி சுமக்கின்றது. இவ்விரு பழிகளையும் வேறு வேறாகப் பிரித்தறிதல் திறனாய்வாளன் கடன். பெரும்பாலோர் பிரிப்பதில்லை.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது ஏட்டிலக்கியம் அன்று, ஓர் இசைத்தொகுதி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து இலண்டன் சென்ற தமிழ்ப் பெண்ணொருவர் 2010ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளியிட்ட ‘மாயா’ என்பது அது. நன்னூல் படிப்பிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இருப்பர். பள்ளிக்கூடம் விட்ட வேளையில் கட்டுகஸ்தோட்டைக்கும் பேராதனைக்கும் செல்லும் பேருந்துகளில் ஏறிப் பிள்ளைகளின் காதுகளைப் பாருங்கள். வகுப்பில் நாம் ஓதும் வெண்பா அச்செவிகளுக்குள் எவ்வளவு நேரம் தங்குகின்றது, கைத்தொலைபேசியிலிருந்து ஒழுகும் ஓசை எவ்வளவு நேரம் தங்குகின்றது என்பது விளங்கும். அவ்வோசையை இழித்துரைத்து ஒதுக்குவது எளிது. எது நன்று, எது தீது, ஏன் என்று அவர்களோடு இருந்து ஆராய்வது அரிது. தொல்காப்பியர் செய்யுளியலில் இருபது வண்ணம் கூறினார். அவற்றுள் மெல்லிசை வண்ணம் ஒன்று; வல்லிசை வண்ணமும் ஒன்று. வன்மையான ஓசையைக் குற்றம் என்று அவர் தள்ளவில்லை.

மேனாட்டில் 1990களின் நடுவே கலிபோர்னியாவில் ‘நூ-மெற்றல்’ என்றொரு வன்னோசை எழுந்தது. நரம்புகளைத் தாழ்த்திச் சுருதி கூட்டிய மின் கிற்றார், இடியனைய முழவு, அவற்றின்மேல் பாடலும் அன்றிப் பேச்சும் அன்றி முடுகிச் செல்லும் ‘ராப்’ உரை, இடையிடையே அலறல் என இவை கலந்த கலவை அது. ‘கோர்ண்’ என்னும் குழுவின் முதல் தொகுதி 1994இல் வந்தது. 2000ஆம் ஆண்டில் ‘லிங்கின் பார்க்’ குழுவின் ‘ஹைபிறிட் தியரி’ உலகெங்கும் பரவியது. இப்பெருங் குழுக்களின் நிழலில் சிறு குழுக்கள் பல தோன்றின. அவற்றுள் ‘கிறேசி ரவுண்’ ஒன்று. 1999இல் வந்த அதன் முதல் தொகுதியில் ‘பட்டர்பிளை’ என்று ஒரு மெல்லிய காதற் பாட்டு இருந்தது. வன்னோசைக் குழுவின் மென்பாட்டு 2001இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் ஏறி நின்றது. அடுத்த ஆண்டே ‘டார்க்ஹோர்ஸ்’ என்னும் இரண்டாந் தொகுதி வந்தது. மென்மை குறைந்து கடுமை மிகுந்த பாட்டுகள் அதில் இருந்தன. வாங்குவாரில்லை. 2003இல் குழுவே கலைந்தது. தம்மை எவ்வாறு உலகம் அறிந்ததோ அவ்வாறு இருக்க அவர்கள் விரும்பவில்லை. அவர்கள் விரும்பியவாறு அவர்களைக் காண உலகம் விரும்பவில்லை. இத்தகைய இரண்டாந் தொகுதிகள் அக்காலத்து மேனாட்டுக் கடைகளில் குவிந்து கிடந்தன. அவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஏனெனில் அங்கே தோற்றது பெரும்பாலும் வாணிகமே. நம் ‘மாயா’வில் தோற்றது வேறொன்று.

மாதங்கி அருட்பிரகாசம் 1975இல் இலண்டனிற் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாய் இருக்கையிலேயே யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டு, பத்து வயதளவில், 1986இல், தாயோடு மீண்டும் இலண்டன் போய்ச் சேர்ந்தார். வீட்டில் மாயா, மேடையில் எம்.ஐ.ஏ. போர்க்களத்திற் காணாமற் போனோரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் எழுத்துக் குறி இது. தந்தையார் ஈழப் புரட்சி அமைப்பு எனப்படும் ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தோரில் ஒருவர், அருளர் என்ற புனைபெயரால் அறியப்பட்டவர், 2019இல் மறைந்தார். நம் இலக்கியக் கூட்டங்களில் மூத்தோர்க்கு அவரை ‘லங்கா ராணி’ நாவலின் ஆசிரியராகவும் தெரியும். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் கொழும்பிலிருந்து அகதிகளை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் லங்கா ராணி. அதுவே கதைக்கும் பெயராயிற்று. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும், பின்னர் வேண்டப்படும்.

மகள் தம் முதல் தொகுதிக்குத் தந்தையின் பெயரை இட்டார்: ‘அருளர்’, 2005. இரண்டாவதற்குத் தாயின் பெயர்: ‘கலா’, 2007. மூன்றாவதற்குத் தம் பெயர்: ‘மாயா’, 2010. தந்தை, தாய், தான் என்னும் இவ்வொழுங்கு மேனாட்டு இசையிற் புதுமை, நமக்கு அன்று. பாயிரத்தில் நூலாசிரியன் தன் குடி கூறிப் பின் தன்னைக் கூறும் மரபு நாம் அறிந்ததே.

முதல் தொகுதியைப் பற்றி ஒன்றே கூறி அமைவோம். ஒரு சிறிய தாளப் பொறியை வைத்துக்கொண்டு, வறுமையே கருவியாக, இலண்டன் தெருப் பேச்சில் அவர் செய்த அத்தொகுதி பிரித்தானியாவின் மெர்க்குரிப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிட்டவில்லை, பெயர் கிட்டியது.

‘கலா’வின் கதை சற்று விரித்துரைக்கத் தக்கது. அமெரிக்காவிலே பெரிய இசையமைப்பாளர் ஒருவருடன் இருந்து அத்தொகுதியைச் செய்யவே முதலில் எண்ணம் இருந்தது. அமெரிக்க நுழைவு அனுமதி கிடைக்கவில்லை. கதவு அடைபட்டமையால் அவர் நாடு நாடாக அலைந்தார்: இந்தியா, திரினிடாட், யமேக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா. சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமி மேளக்காரரை இருத்தி அடிக்கச் செய்து பதிவு செய்தார். அவுஸ்திரேலிய ஆதிகுடிச் சிறுவர் ஒரு பாட்டில் பாடுகின்றனர். இலண்டன் வாழ் நைசீரிய இளைஞன் ஒருவன் மற்றொன்றில் வருகின்றான். தொடக்கப் பாட்டிலே ‘தளபதி’ படத்தில் இளையராசா அமைத்த ‘காட்டுக்குயிலு’வின் முழக்கம் துண்டாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றது. தாய் பெயர் தாங்கிய தொகுதியில் தாய்வழி உறவினர் கலியாண வீடு போல எல்லாரும் வந்து நிறைந்துவிட்டனர். வந்தவர் யாவரும் தத்தம் ஊர் மணத்தோடு வந்தனர்.

‘போய்ஸ்’, ‘பேர்ட் புளூ’ என்னும் இரு பாட்டுகளில் அவ்வுறுமியைக் கேட்கலாம். உறுமி இடை சுருங்கிய இருமுகக் கருவி. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறு முகத்தை வளைந்த கோலால் தேய்ப்பர். தேய்க்கும்போது எழுவது அடியோசை அன்று. விலங்கு தொண்டைக்குள் உறுமுவது போன்ற இழுவை. காரணப்பெயர். மேனாட்டுத் திறனாய்வாளர் இதைக் கேட்டு வியந்து, இதுகாறும் கேளாத ஓசை என்று எழுதினர். கண்டியைச் சூழ்ந்த கலகா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைக்கு அது கேளாத ஓசையா? தப்பும் உறுமியும் தமிழகத்திலிருந்து நடந்து வந்த மக்களோடு மலையேறி வந்தவை. தப்பை அடிக்குமுன் நெருப்பிற் காட்டித் தோலை முறுக்கேற்றுவதை லயத்து முற்றத்தில் நின்று பார்க்காதவர் நம்மில் யார்? காமன் கூத்துக்கும் அதுவே, திருவிழாவுக்கும் அதுவே, சாவீட்டுக்கும் அதுவே. பொழுது புலருமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் ஒரு காலத்தில் அதுவே. ஒரே கருவி, அடியால் வேறுபட்டு, இன்னது இங்கே நடக்கின்றது என்று மலைக்கு அப்பாலிருப்போனுக்கும் அறிவித்தது. தாளம் ஒரு மொழி என்பது இதுதான்.

‘கலா’வில் நிகழ்ந்தது என்னவெனில், இம்மொழியை அறியாத நகரங்களிலும் அதன் வன்மை உணரப்பட்டது. பொருள் விளங்காவிடினும் யாரோ சிலர் ஓரிடத்தில் கூடி நின்று அடிக்கின்றனர் என்பது விளங்கிற்று. அத்தொகுதியின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை சென்றது. அதே ஆண்டில் வந்த ‘சிலம்டோக் மில்லியனர்’ படத்திலும் அது ஒலித்தது. அப்படத்துக்காக ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டொன்றுக்காக ஒஸ்கார்ப் பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது. 2009 பெப்ரவரியில் கிராமி மேடையில் நிறைசூலியாய் நின்று பாடினார். சில நாளில் மகன் பிறந்தான். மாயா என்ற பெயர் உலகறிந்த பெயராயிற்று.

அதே 2009ஆம் ஆண்டின் மே மாதத்தில் இந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அதன் இறுதி மாதங்களில் வன்னியில் அகப்பட்ட பொதுமக்களின் துயரை அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் எடுத்துப் பேசினார். ஒரு சாரார் அவரைப் போராளிகளின் குரல் என்று குற்றஞ் சாட்டினர், அவர் மறுத்தார். பாடகிக்கு ஏன் அரசியல் என்று வேறு சிலர் கேட்டனர். எவ்வாறாயினும், 2010இல் அடுத்த தொகுதி வரப்போகின்றது, அதற்குத் தம் பெயரையே சூட்டியிருக்கின்றார் என்று அறிந்தபோது, நம்மவர் நெஞ்சில் எழுந்த எதிர்பார்ப்பு விற்பனைப் பட்டியலைப் பற்றியது அன்று. உலகம் காது கொடுக்கும் ஒரு தமிழ்க் குரல், நம் காலத்தின் பெருந்துயரை எவ்வடிவிற் பாடும் என்பதே அது.

தொகுதி வந்தது. அட்டையிலே யூரியூப் காணொளிகளின் ஓட்டப் பட்டைகள் வரிவரியாக அடுக்கப்பட்டு, அவற்றின் பின்னே மறைந்த முகம். கண்கள் மட்டும் தெரிகின்றன. பெயரும் எழுத்தால் எழுதப்படாமல் கோடுகளாலும் கோணங்களாலும் புனையப்பட்டிருந்தது. மாயை என்ற சொல்லை எண்ணிப் பார்த்தோர்க்கு இது பொருந்திய முகப்பே. (சைவ சித்தாந்திகள் மாயையைப் பொய்த்தோற்றம் என்று கொள்வதில்லை, உலகுக்கு முதற்காரணமாகிய உள்பொருள் என்பர். அட்டையை வரைந்தவர் வேதாந்தி போலும்.)

உள்ளே கேட்டதோ இரைச்சல். மறுபடியும் நுழைவு அனுமதிச் சிக்கல், இம்முறை எதிர்த்திசையில். அமெரிக்காவை விட்டு வெளியேறினால் திரும்ப விடமாட்டார்களோ என்ற அச்சத்தால் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வீட்டுக்குள்ளேயே பெரும்பாலும் இருந்து இத்தொகுதியைச் செய்தார். முன்னே கதவு அடைபட்டமையால் உலகம் முழுவதும் தொகுதிக்குள் வந்தது. இப்போது கதவு அடைபட்டமையால் ஒரு வீடும் ஒரு கணினியும் மட்டுமே வந்தன. ‘ஸ்ரெப்பின் அப்’ என்ற பாட்டில் துளையிடும் பொறி உறுமுகின்றது. ‘மெட்ஸ் அன்ட் பெட்ஸ்’ என்பதில், முன்னே கூறிய நூ-மெற்றல் குழுக்களுக்கு உறவுமுறை என்று சொல்லத்தக்க சிதைந்த கிற்றார் ஒன்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அரைக்கின்றது. ‘ரெக்கிலா’ ஆறு நிமிடத்துக்கு மேல் மதுவகைகளின் பெயரைச் சுற்றிச் சுழன்று, எங்கே போகின்றது என்று தெரியாமல் ஓய்கின்றது. நன்னூலார் சொன்ன பத்துக் குற்றத்துள் ‘சென்று தேய்ந்திறுதல்’ என்பதற்கு மாணவர்க்கு எடுத்துக்காட்டு வேண்டின் இதனைத் தயங்காது தரலாம். ‘மயங்க வைத்தல்’ என்பதற்கு ‘லவ்வலொட்’: அவ்வாண்டு மொஸ்கோ சுரங்க இரயிலில் குண்டாய் வெடித்த இளம்பெண்ணின் செய்தி அதன் பின்னே இருக்கின்றது. ஆயினும் பரிவா, எள்ளலா, அச்சமா, எந்த மெய்ப்பாடு அங்கே நிற்கின்றது என்று பத்து முறை கேட்டும் துணிய முடியவில்லை.

இரைச்சல் என்று சொன்னதனால் வன்னோசையையே யாம் வெறுக்கின்றோம் என்று யாரும் கொள்ளற்க. கண்டியில் வாழ்வார்க்கு அவ்வெறுப்பு ஆகாது. எசல மாதத்துப் பெரகராவில் கெட்டபெரவும் தவுலும் தம்மெட்டமும் அணியணியாய் முழங்கிவரும்போது, தலதா வீதியில் நிற்பவன் நெஞ்சுக்கூடு அதிரும். அருகில் நிற்பவன் பேச்சுக் கேளாது. ஆயினும் அது இரைச்சலாகத் தோன்றுவதில்லை. ஒவ்வோர் அணியும் எவ்வாலயத்திலிருந்து வருகின்றது, யாருடைய முன்னே எதற்காக அடிக்கின்றது என்பது கேட்போர் அறிந்தது. நடப்பவன் அடிக்கும், அடிப்பவன் நடைக்கும் ஒருவரையொருவர் நோக்கி அமைகின்றனர். ‘போய்ஸ்’ பாட்டின் உறுமியிலும் அவ்வமைதி உண்டு. ‘ஸ்ரெப்பின் அப்’பின் துளைபொறிக்கு அது இல்லை. ஓசையளவில் இரண்டும் ஒத்த வன்மையுடையவை. ஒன்றன் பின்னே மனிதர் கூட்டம் நிற்கின்றது. மற்றதன் பின்னே ஆளில்லை.

தொழில் நகரத்துக் காலத்தில் பொறியின் ஓசையே மனிதனின் ஓசை, அதைப் பாட்டிலே கொணர்தல் தவறா என்று வாதிப்பர். தவறன்று. பழைய ஓசையைப் புதிய அரங்கில் ஏற்றுதலும், புதிய ஓசையைப் பழைய பாட்டில் புகுத்துதலும் இரண்டும் நடக்க வேண்டியனவே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தைக் கொணர்ந்து, வட்டக் களரியில் விடிய விடிய ஆடியதனைச் சுருக்கி, மூன்று புறம் அடைத்த மேடையில் நிறுத்தியபோது, கூத்தைக் கெடுத்தார் என்று முணுமுணுத்தாரும் உண்டு. மத்தளத்தின் அடியை அவர் விடவில்லை. அதனால் கூத்து நின்றது. மாயா எதைப் புகுத்தினார் என்பதில் நமக்கு வழக்கில்லை. எதை விட்டார் என்பதிலேதான் வழக்கு.

விட்டது யாது? பெயர்கள். ஊர்கள். ஆட்கள்.

இங்கே புறநானூற்றை நினையாதிருத்தல் இயலாது. தலைவன் இறந்தவழி அவனைச் சார்ந்தோர் செயலற்றுப் புலம்பும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். கை அற்ற நிலை; ஒன்றும் செய்ய இயலாத நிலை. 2009இல் கடல் கடந்திருந்த தமிழர் அனைவரும் அத்துறையிலேயே நின்றனர். அத்துறைப் பாட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பவர் ஓர் உண்மை காண்பர். பாரி மகளிராயினும் கபிலராயினும் வெறுந்துயரைப் பாடவில்லை. பறம்பு மலை, அதன் சுனை, அங்கே பிழிந்த மது, சமைத்த ஊன், திறந்து கிடந்த வாயில் என்று பொருள் பொருளாய் எடுத்து வைக்கின்றனர். குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூரில் பூத்த ஒரு முல்லையைப் பார்த்துக் கேட்கின்றார். இழந்தது இன்னது என்று சுட்டுவதால் இரண்டாயிரம் ஆண்டின் பின்னும் நாம் அங்கே போய் நிற்க முடிகின்றது. அருளரும், தம் நாவலுக்குப் பெயரிட வந்தபோது, ‘துயரம்’ என்றோ ‘அகதி’ என்றோ இடாது கப்பலின் பெயரையே இட்டார். மகளின் ‘மாயா’ தொகுதியில் அத்தகைய ஒரு பெயரைத் தேடினோம். கணினி நிறுவனங்களின் பெயர்கள் வருகின்றன. மது வகைகளின் பெயர்கள் வருகின்றன. முல்லை ஒன்றும் இல்லை.

வெளியே சொல்ல முடியாத அளவு துயரம் பெருகின் மொழி உடைந்து அலறலாகும், அவ்வுடைவே இத்தொகுதி என்று ஒரு விளக்கம் உண்டு. ‘போர்ன் பிரீ’ என்னும் பாட்டுக்கு அவ்விளக்கம் பொருந்தும். ‘சூசைட்’ என்ற நியூயோர்க் இருவர் குழு 1977இல் வெளியிட்ட ‘கோஸ்ற் றைடர்’ என்ற பாட்டின் மின்னிசைச் சுழற்சியை எடுத்து, அதன்மேல் அவர் தொண்டை கிழியக் கத்துகின்றார். அங்கே குரல் உண்மையாகவே உடைகின்றது. கேட்பவன் விலகிச் செல்ல இயலாது. அப்பாட்டுக்கு றொமெய்ன் கவ்ராஸ் எடுத்த ஒன்பது நிமிடப் படத்தில், செந்தலைமயிர் உடையோர் என்ற ஒரே காரணத்துக்காக இளைஞர்களைப் படையினர் வண்டியில் ஏற்றிச் சென்று கொல்கின்றனர். 2010 ஏப்ரிலில் வெளிவந்த அதை யூரியூப் முடக்கியது. பெரும் ஆரவாரம் எழுந்தது. படத்தை நாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கில்லை. ஆயினும் அதில் ஒரு கருத்துச் சுட்டியுரைக்கப்பட்டது: மயிரின் நிறம் போல் பொருளற்ற ஒன்றுக்காகவே எங்கும் மனிதர் கொல்லப்படுகின்றனர் என்பது. ஆகவே அது நிற்கின்றது. ஒரு பாட்டுக்குத் தகும் அவ்வுடைவு, தொகுதி முழுதுக்கும் விரிந்தபோது தன் வன்மையை இழந்தது. எல்லா அடியும் உச்சத்தில் நின்றால் உச்சம் எது?

மேனாட்டுத் திறனாய்வாளர் கை வைத்த விதத்தையும் கூறவேண்டும். ‘பிச்போர்க்’ என்னும் இணைய இசை இதழ் ‘கலா’வுக்குப் பத்துக்கு 8.9 புள்ளி இட்டிருந்தது, ‘மாயா’வுக்கு 4.4 இட்டது. நம் வினாத்தாள் திருத்துவோர்க்குங்கூட இத்துணைத் துணிவு வராது. இசையைத் தசமத்தில் அளக்கும் கோல் எதுவோ! சிலர் புகழவும் செய்தனர். பட்டியல் இடத்திலோ ‘மாயா’ முன்னதைத் தாண்டியது: அமெரிக்கப் பட்டியலில் ‘கலா’ 18ஆம் இடம், ‘மாயா’ 9ஆம் இடம், பிரித்தானியாவில் முன்னது 39, பின்னது 21. ஆகவே ‘கிறேசி ரவுண்’ குழுவுக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. வாங்கினார்கள், வாங்கிச் சென்று ஏமாந்தார்கள். முன்னதன் புகழ் பின்னதை விற்றுக் கொடுத்தது.

தொகுதி வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன், ‘நியூயோர்க் ரைம்ஸ்’ வார இதழில் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. செல்வர் வாழ்வு வாழ்ந்துகொண்டு ஏழைகளின் போராட்டத்தைப் பாடுகின்றார் என்பது அதன் உட்கிடை. விலையுயர்ந்த காளான் மணமூட்டிய உருளைக்கிழங்கு வறுவலை அவர் தின்றுகொண்டு பேசியதாக ஒரு வரி அதில் இருந்தது. அவ்வரியே உலகெங்கும் ஓடியது. வறுவலைத் தருவித்தவர் கட்டுரையாளரே என்று பின்னர்ப் பாடகி ஒலிப்பதிவோடு வெளியிட்டார். அதற்கு முன்பே சினந்து அக்கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணைப் பொதுவில் இட்டதும் அவர்தாம். அது நற்செயல் அன்று. இவ்வளவும் நடந்த பின் வந்த திறனாய்வுகளிற் பல, பாட்டைப் பற்றியனவா வறுவலைப் பற்றியனவா என்று ஐயுறும்படி இருந்தன. பாடியவர் எந்த வீட்டில் வாழ்கின்றார் என்பதைக் கொண்டு பாட்டின் தரம் துணியப்படின், அரசவையில் பொன்னாடை போர்த்தியிருந்து வறியோர் துயர் பாடிய புலவர் எத்தனை பேரை நாம் தள்ளவேண்டி வரும்!

காலஞ் செல்லச் செல்ல வேறொரு கூற்று எழுந்தது. தொகுதியின் முதற்பாட்டாகிய ‘த மெசேஜ்’, ஒரு நிமிடமும் நிரம்பாதது. நம் கைக்கருவிகள் இணைய நிறுவனங்களோடும், அவை அரசுகளோடும் எலும்புக்கு எலும்பு பொருந்தியிருக்கின்றன என்று எச்சரிக்கின்றது. 2010இல் இதனைப் பித்தர் பேச்சு என்று எள்ளினர். 2013 யூனில் எட்வேட் ஸ்னோடன் என்பவர் அமெரிக்க உளவுத்துறையின் ஆவணங்களை வெளியிட்டபோது, பாடகி சொன்னது பொய்யன்று என்பது புலனாயிற்று. உடனே, தொகுதியை அன்று பழித்தோரிற் சிலரும், காலத்தை முந்திப் பிறந்த நூல் என்று புகழத் தொடங்கினர். பழித்தது பிழையாயின் இப்புகழும் அதே பிழையே. பின்னர் நிகழ்வதை முன்னர்ச் சொல்லுதல் சோதிடர்க்குச் சிறப்பு. பாட்டு பாட்டாக நின்றதா என்பதே நம் வினா. அவ்வெச்சரிக்கையைச் சொல்லிய முறை, குழந்தைகளின் உறுப்புப் பாட்டை அடியொற்றிய எளிய விளையாட்டு. அதனை நாம் நன்றென்றே கொள்கின்றோம், 2013இல் மெய்யானமைக்காக அன்று.

நன்றென்று கொள்ளத்தக்க வேறிரண்டும் உண்டு. ‘இற் ரேக்ஸ் எ மசில்’ 1982இல் ஒல்லாந்துக் குழுவொன்று பாடிய பழம்பாட்டு. அதை யமேக்கா நடையில் தளர்த்திப் பாடுகின்றார். இரைச்சலுக்கு நடுவே ஒரு சாளரம் திறந்தாற் போல் இருக்கின்றது. இறுதிப் பாட்டாகிய ‘ஸ்பேஸ்’ மெல்ல மிதந்து மறைகின்றது. இவை இரண்டும் அவரால் மெல்லிசையும் இயலும் என்பதைக் காட்டுகின்றன. இயன்றும் ஏன் இவற்றைத் தொகுதியின் ஓரத்தில் வைத்தார் என்று கேட்டால், தம்மைப் பற்றி உலகம் வரைந்த படத்துக்கு அஞ்சி, அதனினும் கடுமையாகத் தம்மைத் தாமே வரைந்துகொண்டார் என்று தோன்றுகின்றது. தன் பெயர் சூட்டிய தொகுதியில் தன்னையே மறைத்துக்கொண்டது அதனால் போலும். தந்தையின் பெயரிலும் தாயின் பெயரிலும் அவர் இன்னும் நன்றாக வெளிப்பட்டார்.

நம் பள்ளிகளில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கும் நண்பர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். செய்யுளியலில் வண்ணங்களைப் படிப்பிக்கும் நாளில், இலக்கணம் சொன்ன பின், ‘போய்ஸ்’ பாட்டையும் ‘ஸ்ரெப்பின் அப்’ பாட்டையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, எது இசை, எது இரைச்சல், காரணம் யாது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். தப்புக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளின் விடை நகரத்துப் பிள்ளைகளின் விடையினும் நுட்பமாய் அமையும் என்பது என் எண்ணம். விடைகள் ஒன்றையொன்று மறுக்குமாயின் இன்னும் நன்று.

மாயா 2013இல் அடுத்த தொகுதியை வெளியிட்டார். அதற்குத் தம் முழுப்பெயரை, கலைமகளின் வடிவாகிய தேவியின் பெயரை, சூட்டினார்: ‘மாதங்கி’. அதிலே மேளம் திரும்பி வந்திருக்கின்றது. அத்தொகுதியைப் பற்றித் தனியே எழுதுதல் வேண்டும்.